தீவுக்கொரு தேனீ



வரைபடத்தில் இந்தோனேசியாவை ஒரே நிறத்தில் பார்த்துப் பழகியவர்கள் நாம். ஏறத்தாழ 17,000 தீவுகளை ஒரு கொடியும் ஓர் அரசும் சேர்த்துக் கட்டியிருக்கின்றன. அந்தக் கட்டு மனிதர்களுக்கு உரியது. அங்கே வாழும் தேனீக்களுக்கு அப்படி ஒரு நாடு இல்லை. ஜாவாவின் தேனீக்குப் பாப்புவா அயல்நாடு. சுலவேசிக் காட்டில் இருக்கும் ஒரு தேனீ பக்கத்துப் போர்னியோவில் இல்லை. போர்னியோவின் வடக்கு மலைகளில் உயரத்தில் வாழும் ஒரு தேனீ அதே தீவின் கடற்கரைக்குக்கூட இறங்குவதில்லை. ஆகவே அந்தத் தீவுக்கூட்டத்தில் தேனீக்களைக் காப்பதென்றால் கணக்கைத் தீவு தீவாகப் போட வேண்டும். 'நாட்டுத் தேனீ' என்ற பொதுப்பெயரின் கீழ் ஒரு தீவின் தேனீயை இன்னொரு தீவுக்கு ஏற்றிச் செல்வதும் அழிவுக்கு வழிதான். இன்று உங்கள்முன் நான் வாதிட விரும்புவது இதைத்தான்.

நம் ஊரில் தேன் எடுப்பவர்களும் வளர்ப்பவர்களும் வழங்கும் பெயர்களையே கையாள்கிறேன். உயர்ந்த மரக்கிளையிலும் பாறையிலும் ஒற்றைப் பேரடை தொங்கவிடுவது மலைத்தேனீ. பொந்துக்குள் அடுக்கடுக்காக அடை வைப்பது அடுக்குத்தேனீ. புதர்க்கிளையில் சிறிய அடை கட்டுவது கொம்புத்தேனீ. கொடுக்கில்லாத சிறியது கொசுத்தேனீ. மேற்கிலிருந்து உலகெங்கும் பெட்டியில் போய்ச் சேர்ந்தது இத்தாலியத் தேனீ. இதில் கொசுத்தேனீயை ஒதுக்கிவிட்டால் மற்றவை எல்லாம் ஏபிஸ் என்ற ஒரே பேரினம். அந்தப் பேரினத்தில் உலகில் உள்ளவை பத்து இனங்கள் அளவில்தான். இத்தாலியத் தேனீ நீங்கலாக ஏனையவை ஆசியாவுக்கு உரியவை. போர்னியோத் தீவின் மலேசியப் பகுதியான சபாவில் மட்டும் மலைத்தேனீ, அடுக்குத்தேனீ, கருங்கொம்புத்தேனீ, செந்தேனீ எனப்படும் கோஷெவ்னிகோவி, மலைமேல் வாழும் நுலுவென்சிஸ் என ஐந்து இனங்கள் இருக்கின்றன. ஐரோப்பா முழுவதற்கும் சொந்தமானது ஒன்றே ஒன்று என்பதை இதனோடு வைத்துப் பார்க்க வேண்டும்.

இந்தப் பன்மை எப்படி வந்தது என்பதைக் கடலாழம் சொல்லும். பனியுகங்களில் கடல்மட்டம் இன்றைக்குவிட சுமார் 120 மீட்டர் தாழ்ந்திருந்தபோது சுமத்ராவும் ஜாவாவும் போர்னியோவும் மலாய்த் தீபகற்பத்தோடு ஒரே நிலமாகக் கிடந்தன. பனி உருகிக் கடல் ஏறியபோது அவை பிரிந்தன. சுலவேசி அந்த நிலத்தோடு சேரவே இல்லை. இடையில் ஆழ்கடல் கிடக்கிறது. அதற்கும் கிழக்கே நியூகினியில் ஏபிஸ் தேனீ இயற்கையாக இருந்ததே இல்லை. அங்கே மகரந்தம் சுமந்தவை கொசுத்தேனீக்களும் தனித்து வாழும் தேனீக்களும்தான். இப்படி மேற்கிலிருந்து கிழக்கே போகப் போக ஒவ்வொரு நீரிணையும் ஒரு வாயிற்படியாக நின்றிருக்கிறது. அதைத் தாண்டிய கூட்டங்கள் தனித்து நின்று வேறாகின. சுலவேசியின் மலைத்தேனீ மற்றத் தீவுகளின் மலைத்தேனீயிலிருந்து வேறுபட்டு பிங்காமி என்று தனித்து நிற்கிறது. பிலிப்பைன்ஸின் மலைத்தேனீ பிரெவிலிகுலா. இவற்றைத் தனி இனங்களாக எண்ணுவதா கிளையினங்களாக எண்ணுவதா என்பதில் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. காப்பதற்கு அந்த வழக்கு முடியும்வரை காத்திருக்கத் தேவையில்லை என்பது என் எண்ணம்.

ஒரே காட்டில் நான்கு இனங்கள் கலந்துவிடாமல் எப்படி வாழ்கின்றன என்ற கேள்விக்குச் சபாவில் நிகோலஸ் கோனிகரும் குத்ருன் கோனிகரும் அங்குள்ள சாலிம் திங்கெக்கும் செய்த ஆய்வுகள் விடை தந்தன. ராணியின் தாடைச் சுரப்பியிலிருந்து எழுந்து ஆண் தேனீக்களை ஈர்க்கும் முதன்மையான வாசனைப் பொருள் எல்லா ஏபிஸ் இனங்களிலும் ஒன்றே. அந்த வாசனையை மட்டும் வைத்துத் தன் இனத்தைப் பிரித்தறிய ஆணால் இயலாது. பிரிப்பது நேரம். கருங்கொம்புத்தேனீயின் ஆண்கள் நண்பகலை ஒட்டிப் பறக்கின்றன. அடுக்குத்தேனீ பிற்பகல் இரண்டு மணிக்குப் பிறகு. செந்தேனீ மாலை சரியும்போது. மலைத்தேனீ சூரியன் மறைந்த அந்தியில், அதுவும் ஒரு மணி நேரத்துக்கும் குறைவாக. ஒரே ஏரித்தண்ணீரை நாலு ஊரும் முறைவைத்துப் பாய்ச்சிக்கொள்வதைப் போன்ற ஏற்பாடு இது. இந்த முறை பல்லாயிரம் ஆண்டுகள் அந்தந்த இடத்தில் அருகருகே வாழ்ந்த இனங்களுக்குள் உருவானது. வெளியிலிருந்து ஓர் இனத்தைக் கொண்டுவந்து இறக்கினால் அதற்கு அந்த முறை தெரியாது. இத்தாலியத் தேனீயும் அடுக்குத்தேனீயும் ஒரே வானில் ஒரே நேரத்தில் பறக்கும் இடங்களில் தவறான சேர்க்கை நடக்கிறது. அப்படிக் கருவுற்ற முட்டைகள் பிழைப்பதில்லை. ராணி இட்ட முட்டையில் ஒரு பங்கு வீணாகிறது. ஆஸ்திரேலியாவின் கெய்ர்ன்ஸ் பகுதியில் இது கண்டறியப்பட்டிருக்கிறது. பூவுக்கான போட்டியை மட்டும் பேசுகிறவர்கள் இந்த இழப்பைக் கணக்கில் எடுப்பதே இல்லை.

சுலவேசியின் கதை இன்னொரு வகையில் முக்கியமானது. இயற்கையியலாளர் ஆல்பிரட் ரஸ்ஸல் வாலஸ் அங்கிருந்து அனுப்பிய மாதிரிகளில் ஒன்றை 1861-ல் பிரெடரிக் ஸ்மித் நைக்ரோசிங்டா என்று பெயரிட்டு விவரித்தார். பிறகு நெடுங்காலம் அது அடுக்குத்தேனீயின் ஒரு வகையாகவே கருதப்பட்டு ஏடுகளில் மறைந்து கிடந்தது. 1996-ல் சுசிலாவதி ஹாதிசுசிலோவும் கார்ட் ஓட்டிஸும், சுலவேசியில் அடுக்குத்தேனீயின் ஆண்களும் நைக்ரோசிங்டாவின் ஆண்களும் வெவ்வேறு நேரங்களில் பறப்பதைக் காட்டி இரண்டும் வேறு இனங்கள் என்று நிறுவினார்கள். ஆண் புழு வளரும் அறையின் மூடியிலும் வேறுபாடு இருக்கிறது: அடுக்குத்தேனீயின் மூடியில் நடுவே சிறு துளை உண்டு; நைக்ரோசிங்டாவில் இல்லை. நெடுங்காலம் ஓர் இனம் இன்னொன்றின் பெயருக்குள் ஒளிந்திருந்தது. அந்த இடைக்காலத்தில் அது அழிந்திருந்தால் சுலவேசியில் அடுக்குத்தேனீ ஏராளமாக இருக்கிறது என்றே எல்லோரும் எழுதியிருப்பார்கள். இனம் காணப்படாத ஒன்றைப் பட்டியல் பார்த்துக் காக்க முடியாது; அது வாழும் தீவையும் காட்டையும் பார்த்துத்தான் காக்க முடியும். தீவுக் கணக்கை நான் வற்புறுத்துவதற்கு முதல் காரணம் இதுவே.

இரண்டாவது காரணம் ஒட்டுண்ணிகள். இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில் நடந்தது எல்லாம் பதிவாகியிருக்கிறது. 1904-ல் டச்சு அறிஞர் அவுடெமான்ஸ் ஜாவாவின் அடுக்குத்தேனீ மீது கிடைத்த ஓர் உண்ணியை வாரோவா ஜேக்கப்சோனி என்று பெயரிட்டார். தன் பழைய விருந்தோம்பியிடம் அது பெருந்தீங்கு செய்வதில்லை. ஆண் புழுக்களின் அறைகளில் மட்டும் அது பெருகுகிறது. வேலைக்காரத் தேனீக்களின் அறைக்குள் நுழைந்தால் தேனீக்கள் கண்டுபிடித்து அகற்றிவிடுகின்றன. நீண்டகாலம் சேர்ந்து வாழ்ந்ததால் உண்டான சமநிலை அது. 1970களில் ஜாவாவின் அடுக்குத்தேனீ பாப்புவாவுக்குக் கொண்டுபோகப்பட்டது. நாட்டுக்குள்ளேயே நடந்த இடமாற்றம்தான். எந்த எல்லையையும் கடக்கவில்லை. ஆனால் அந்தத் தேனீயோடு உண்ணியும் சென்றது. 1980களில் அந்தத் தேனீ பாப்புவா நியூகினிக்குப் பரவியது. 2003-ல் சாலமன் தீவுகளில் தென்பட்டது; அங்கே இத்தாலியத் தேனீ வளர்த்தவர்கள் பெட்டி பெட்டியாகக் கூட்டங்களை இழந்தார்கள். 2007-ல் ஆஸ்திரேலியாவின் கெய்ர்ன்ஸில் கரையேற்றி நிறுத்தியிருந்த ஒரு படகின் பாய்மரத்துக்குள் அந்தத் தேனீயின் ஒரு கூட்டம் அகப்பட்டது. அதை ஒழிக்க எடுத்த முயற்சி 2011-ல் இயலாதென்று கைவிடப்பட்டது. அதற்குள், 2008-ல், பாப்புவா நியூகினியில் அதுவரை நடக்காத ஒன்று நடந்திருந்தது: ஜாவா உண்ணி இத்தாலியத் தேனீயின் அறைகளில் இனப்பெருக்கம் செய்யக் கற்றுவிட்டது. உலகெங்கும் தேனீப்பெட்டிகளை அழித்த வாரோவா டெஸ்ட்ரக்டர் என்ற உண்ணி ஆசியப் பெருநிலத்தில் முன்பு செய்த தாவலை, அதன் உறவான இது புதிய தீவில் மறுபடி செய்தது. அந்தத் தாவலுக்கு வேண்டிய சந்திப்பை உண்டாக்கியது, ஒரு நாட்டுக்குள் நடந்த, யாரும் குற்றமென்று எண்ணாத, ஒரு தேனீ மாற்றம்.

மலைத்தேனீயிடமும் இப்படிப்பட்ட உண்ணிகள் உண்டு. டிரோபிலேலாப்ஸ் என்ற பேரினம் 1961-ல் பிலிப்பைன்ஸிலிருந்து முதன்முதலாக விவரிக்கப்பட்டது. பின்னர் 2007-ல் ஆய்வாளர்கள் ஆண்டர்சனும் மார்கனும் மரபணு பார்த்துப் பிரித்தபோது, பிலிப்பைன்ஸ் மலைத்தேனீயிலும் சுலவேசி மலைத்தேனீயிலும் இருப்பது ஓர் இனம், மற்ற இந்தோனேசியத் தீவுகளிலும் ஆசியப் பெருநிலத்திலும் இருப்பது வேறோர் இனம் என்று தெரிந்தது.  தேனீ பிரிந்த கோடுகளிலேயே உண்ணியும் பெரும்பாலும் பிரிந்திருக்கிறது. இந்த உண்ணி புழுவை மட்டும் உண்டு வாழ்வது. புழு இல்லாத கூட்டில் சில நாட்களுக்கு மேல் தாங்காது. மலைத்தேனீ பருவந்தோறும் அடையை விட்டு நெடுந்தூரம் வலசை போவதால் உண்ணியின் பெருக்கம் அறுந்துபோகிறது. வலசை போகாமல் ஆண்டு முழுதும் பெட்டியில் புழு வளர்க்கும் தேனீக்கு அந்தக் காப்பு இல்லை. உண்ணியல்ல, வைரஸ் என்றாலும், நமக்கும் இப்படி ஒரு கசப்பான அனுபவம் உண்டு. 1990களின் தொடக்கத்தில் தாய் சாக்புரூட் என்ற வைரஸ் நோய் கேரளத்திலும் கன்னியாகுமரி மாவட்டத்திலும் அடுக்குத்தேனீக் கூட்டங்களைச் சூறையாடியது. மார்த்தாண்டம் பகுதியில் தேனீ வளர்ப்பை நம்பிப் பிழைத்த குடும்பங்கள் திண்டாடின. எந்த வழியாக வந்தாலும் ஒரு நோய் புதிய கூட்டத்தைத் தொடும்போது என்னாகும் என்பதை அறிய நாம் இந்தோனேசியாவுக்குப் போக வேண்டியதில்லை.

இதற்கு எழும் மறுப்புகளில் வலுவானது வாழ்வாதாரம் பற்றியது. அடுக்குத்தேனீ குறைவாகத் தேன் தரும். எளிதில் கூட்டை விட்டு ஓடிவிடும். ஏழை விவசாயியிடம், அடுத்த தீவிலிருந்து நல்ல கூட்டம் வாங்காதே, இத்தாலியத் தேனீ வளர்க்காதே என்று சொல்ல யாருக்கு உரிமை என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. ஆனால் அந்த விவசாயி தேனீயிடமிருந்து பெறுவதில் தேன் சிறு பங்கு. மத்திய சுலவேசியில் லோரே லிண்டு தேசியப் பூங்காவை ஒட்டிய 24 காப்பித் தோட்டங்களில் ஆய்வாளர் கிளைனும் அவருடைய தோழர்களும் செய்து 2003-ல் வெளியிட்ட ஆய்வு இதைக் காட்டியது. தன் மகரந்தத்தாலேயே காய்க்கக் கூடிய அரபிக்காக் காப்பியில்கூட, மூன்று தேனீ இனங்கள் வந்த தோட்டங்களில் காய்ப்பு சுமார் 60 சதவீதமாகவும், இருபது இனங்கள் வந்த தோட்டங்களில் சுமார் 90 சதவீதமாகவும் இருந்தது. காய்ப்பைக் கூட்டியது தேனீக்களின் எண்ணிக்கையைக் காட்டிலும் வகைகளின் எண்ணிக்கைதான். ஆயிரக்கணக்கான இத்தாலியத் தேனீக்களைக் கொண்டுவந்து நிறுத்தினாலும் அது ஒரே வகைதான். தேனுக்காகவே வளர்க்க விரும்புகிறவருக்கு அந்தந்தத் தீவின் கொசுத்தேனீ இருக்கிறது. இந்தோனேசியாவில் நாற்பதுக்கும் மேற்பட்ட இனங்கள் உண்டு. அளவு குறைவு, விலை அதிகம். ஆனால் இங்கும் ஒரு தீவில் நன்றாகத் தேன் தரும் இனத்தைப் பிற தீவுகளுக்கு விற்கும் வணிகம் தொடங்கினால் அடுக்குத்தேனீயில் கண்ட தவறு கொசுத்தேனீயிலும் வரும் என்று அஞ்சுகிறேன்.

தேன் உற்பத்தி குறையவில்லையே, பிறகு எங்கே அழிவு என்று கேட்பவர்களும் உண்டு. சுமத்ராவின் ரியாவ் மாகாணத்தில் காகிதக்கூழுக்காக வளர்க்கும் அக்கேசியாத் தோப்புகளைப் பார்த்தால் விடை தெரியும். அந்த மரங்களின் இலையடியில் உள்ள சுரப்பியிலிருந்து இனிப்புநீர் வடிகிறது. பூக்கும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. பெட்டிகளைக் கொண்டுவைத்தால் தேன் நிறைகிறது. ஆனால் புழு வளர்க்கத் தேனீக்கு மகரந்தம் வேண்டும். அது மிச்சமிருக்கும் இயற்கைக் காட்டிலிருந்துதான் வந்தாக வேண்டும். தோப்பு சில ஆண்டுகளில் வெட்டப்படும். அந்தத் தேன் டன் கணக்கில் ஏறுவதை வைத்து, பழங்காட்டின் பொந்தை நம்பியிருக்கும் செந்தேனீ எப்படி இருக்கிறது என்று அறிய வழியில்லை. மலைத்தேனீ பரவலாக இருக்கிறது என்பதிலும் இதே மயக்கம் இருக்கிறது. போர்னியோவின் பெருமரக் காடுகள் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒருசேரப் பூக்கும். அப்போது சரவாக்கின் லம்பிர் மலைக்காட்டில் மலைத்தேனீக் கூட்டங்கள் திடீரெனப் பெருகுவதை ஆய்வாளர்கள் பதிந்திருக்கிறார்கள். இடைப்பட்ட காலத்தில் அவை தங்கிப் பிழைக்க வேறு நிலங்கள் தேவை. அப்படிப்பட்ட நிலங்களும் பாதுகாப்பாக இல்லை; 2015-ன் காட்டுத்தீயில் இந்தோனேசியாவில் சுமார் 26 லட்சம் ஹெக்டேர் எரிந்தது. அதில் சுமார் மூன்றில் ஒரு பங்கு கரிச்சதுப்பு நிலம். பூத்த ஆண்டில் மரத்தில் நூறு அடை தொங்குவதைப் படமெடுத்துவிட்டு இனம் செழிக்கிறது என்று சொல்வது அவசரம்.

தேனீயின் பாலினத்தை முடிவு செய்யும் மரபணு பற்றியும் ஒரு சொல். கருவுற்ற முட்டையில் அந்த மரபணுவின் இரண்டு பிரதிகளும் வேறுபட்டிருந்தால் அது பெண். ஒன்றாகவே இருந்தால் பயனற்ற ஆண், அதை வேலைக்காரத் தேனீக்கள் புழுவிலேயே தின்றுவிடும். சிறிய தீவில், துண்டாகிப்போன காட்டில், கூட்டங்கள் குறையக் குறைய ஒரே வடிவங்கள் சந்திக்கும் வாய்ப்பு கூடுகிறது, புழுவறைகள் வெறுமையாகின்றன. இதற்கு எதிராகக் கெய்ர்ன்ஸையே காட்டுகிறார்கள்: மிகச் சில தேனீக்களிலிருந்து தொடங்கிய அடுக்குத்தேனீ அங்கே தழைத்துவிட்டதே என்று. உண்மைதான். திறந்தவெளியிலும் ஊருக்குள்ளும் வாழப் பழகி, அடிக்கடி கூட்டம் பிரிந்து பெருகும் இனம் அது, தாங்கியது. அடர்ந்த ஈரக்காட்டை விட்டு வெளிவராத செந்தேனீக்கு அதே தாங்குதிறன் இருக்கும் என்று கொள்ள ஆதாரம் இல்லை.

தேனெடுப்பவர்களால்தான் மலைத்தேனீ அழிகிறது, அவர்களைக் காட்டுக்குள் விடாதீர்கள் என்ற குரலை நான் ஏற்கவில்லை. அடையை முழுதும் அறுத்துக் கூட்டத்தை எரிக்கும் முறை தீயதுதான். ஆனால் மேற்குக் கலிமந்தானின் டானாவ் சென்டாரும் ஏரிப்பகுதியைப் பாருங்கள். வெள்ளத்தில் மூழ்கி எழும் அந்தக் காட்டில் மலாய் மீனவர்கள் திக்கூங் என்ற குடைந்த மரப்பலகையைச் சாய்வான கிளைபோல் கட்டிவைக்கிறார்கள். மலைத்தேனீ தானே வந்து அதில் அடை வைக்கிறது. தேன் பகுதியை மட்டும் அறுத்து, புழுப்பகுதியை விட்டுவிட்டால் அதே அடை மறுபடி நிறையும். பலகை யாருடையது, எந்தக் குழு எந்தப் பகுதியில் கட்டலாம் என்பதற்கெல்லாம் ஊர்வழக்கு இருக்கிறது. 1994-ல் ராம்சார் ஈரநிலமாகவும் 1999-ல் தேசியப் பூங்காவாகவும் அறிவிக்கப்பட்ட அந்த ஏரியில் காடு நிற்பதில் பலகை கட்டுபவர்களுக்கு நேரடி நலன் உண்டு. ரியாவில் பெத்தலாங்கான் மக்கள் சியாலாங் எனும் தேன்மரத்தை மட்டுமல்ல, அதைச் சூழ்ந்த காட்டையும் சேர்த்தே வெட்டக்கூடாததாக வைத்திருந்தார்கள். செம்பனைத் தோட்டத்துக்காகச் சுற்றிலும் அழித்துவிட்டு நடுவில் தனிமரத்தை மட்டும் விட்டுவைத்த இடங்களில் அந்த வழக்கத்தின் அறிவு எது என்பது புரிகிறது: பூவில்லாத வெளியில் மரம் நின்று என்ன பயன்?

கடைசியாக ஒரு மறுப்பு. கப்பலும் படகும் ஓடும் கடலில் தேனீ ஏறிப் போவதை யார் தடுப்பது, வீண்முயற்சி என்கிறார்கள். தானாகத் தொற்றிப் போகும் ஒரு கூட்டத்தையும், மானியத் திட்டத்தில் லாரியும் கப்பலுமாக அனுப்பும் நூற்றுக்கணக்கான பெட்டிகளையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. இரண்டாவதைத் தடுக்கச் சட்டமும் இருக்கிறது. விலங்கு, மீன், தாவரத் தடுப்புக்காப்பு பற்றிய இந்தோனேசியாவின் 2019-ஆம் ஆண்டு 21-ஆம் எண் சட்டம், நாட்டுக்குள் ஒரு பகுதியிலிருந்து இன்னொரு பகுதிக்கு நடக்கும் இடமாற்றத்தையும் கட்டுப்படுத்துகிறது. 2008 வரை வெறிநோய் இல்லாதிருந்த பாலித் தீவுக்கு அது வந்தபின் எத்தனை உயிர்கள் போயின என்பதை அந்த நாடு அறியும். நாயைப் படகில் ஏற்றுவதற்குத் தீவுவாரியான கட்டுப்பாடுகள் அங்கே புதிதல்ல. அதே கேள்விகளைத் தேனீப்பெட்டிக்கும் கேட்கட்டும்: எந்தத் தீவில் பிடித்த கூட்டம், புழுவறைகளைத் திறந்து உண்ணி பார்த்தாயிற்றா, போய்ச்சேரும் இடத்தில் அந்த இனம் ஏற்கெனவே உண்டா, உண்டென்றால் அங்கேயே ஏன் கூட்டம் பிடிக்கவில்லை. மக்காசரிலும் சோரோங்கிலும் இறங்கும் சரக்கிலிருந்து இதைத் தொடங்கலாம். முன்னது நைக்ரோசிங்டாவும் பிங்காமியும் வாழும் தீவின் வாசல். பின்னது, ஏபிஸ் தேனீயே இல்லாதிருந்து இப்போது ஜாவா அடுக்குத்தேனீயைச் சுமக்கும் நியூகினியின் வாசல். அங்கிருந்து இன்னும் அது எட்டாத சிறு தீவுகள் கிழக்கிலும் வடக்கிலும் இருக்கின்றன.